ஈக்காட்டுத்தாங்கல் வரைக்கும்

அந்த இருபத்தொரு நாட்களின் குறிப்பேடு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நீல அட்டை, எண்பது பக்கம். மகளுக்குக் காய்ச்சல் எத்தனை டிகிரி, எத்தனை மணிக்கு எத்தனை மில்லி பால், எந்தக் கையில் ஊசி, எந்த டாக்டர் என்ன சொன்னார், எல்லாம் நேரத்தோடு இருக்கிறது. எட்டாம் வகுப்பிலிருந்து எனக்கு இந்தப் பழக்கம். மழை பெய்த நாள், கரண்ட் போன நேரம், படித்து முடித்த புத்தகம் என்று எதையாவது குறித்து வைக்காமல் தூக்கம் வராது. அப்படிப்பட்ட என் குறிப்பேட்டில் அவருடைய பெயர் இல்லை. ‘ஆயாம்மா’ என்று மட்டும் பதினேழு இடங்களில் வருகிறது.

பெயரைக் கேட்காமல் இல்லை. ஐந்தாம் நாள் கேட்டேன்.

“என் பேரு இன்னாத்துக்கு ஒனக்கு? ஓட்டு போடப் போறியா? நான் கண்ணகி நகர். அவ்ளோதான்.”

குள்ளமான உருவம், ஐம்பது வயதிருக்கும். ஆஸ்பத்திரி கொடுத்த நீலப் புடவையை எப்போதும் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருப்பார். நான் பார்த்த நேரமெல்லாம் அவர் கைகள் முழங்கை வரை ஈரமாகவே இருந்தன. விரல் இடுக்குகளில் தோல் வெளுத்து உரிந்திருக்கும். மயிலாப்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அவருக்கு வேலை. வாசலுக்கு வெளியே ஒரு வாஷ்பேசின். அதைத் தாண்டாமல் யாரும் உள்ளே போக முடியாது. அவரைத் தாண்டாமலும்.

நாங்கள் அங்கே போனது மகள் பிறந்த பன்னிரண்டாம் நாள் காலை. பாலவாக்கத்தில் என் அம்மா வீட்டில் இருந்தோம். விடிந்ததிலிருந்து அவள் பால் குடிக்கவில்லை. மார்பில் வைத்தால் வாயைத் திறந்தபடி அப்படியே தூங்கினாள். உடம்பு லேசாகச் சுட்டது. தெருமுனை டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, உடனே மயிலாப்பூருக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஐப்பசி மழை. ஆட்டோவின் படுதாவை நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தோம்.

“ஒரு ராத்திரி வச்சுப் பாத்துட்டு அனுப்பிடறோம்” என்றார் இளம் பெண் டாக்டர். அந்த வாக்கியத்தை மேற்கோள் குறியோடு எழுதி வைத்திருக்கிறேன். மறுநாள், ரத்தத்தில் கிருமி இருக்கிறது என்றார்கள். அதற்கடுத்த நாள் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்துவிட்டு, கிருமி மூளை உறை வரை போயிருக்கிறது, இருபத்தொரு நாள் ஊசி போட வேண்டும் என்றார்கள். பிழைப்பாளா என்று என் கணவர் கேட்டார். “பாக்கலாம் சார், இப்பவே வந்தது நல்லது” என்றார் டாக்டர். அதையும் எழுதியிருக்கிறேன். அந்த வரியில் பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது.

ஆயாம்மாவை முதலில் பார்த்தது அந்த முதல் நாளில், அந்த வாசலில். குழந்தையை நர்ஸ் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வெறும் கையோடு நின்ற என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, “எங்கேருந்து?”

“பாலவாக்கம்.”

“பாலவாக்கம் ஏற்கெனவே ஒண்ணு கீதே. வேற எடம் சொல்லு.”

எனக்குப் புரியவில்லை. “வேற இடம்னா? நாங்க பாலவாக்கத்துலேருந்துதான் வரோம்.”

“அது ஒங்கம்மா வூடு. பச்ச ஒடம்புக்காரி அம்மா வூட்லேருந்துதான் வருவா, எனக்குத் தெரியாதா? ஒன் வூடு எங்க?”

“ஈக்காட்டுத்தாங்கல்.”

“அப்ப நீ ஈக்காட்டுத்தாங்கல். கைய கய்வு.”

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “அது எப்படிங்க? குழந்தை எங்க வீட்டுலேருந்துதானே வருது? அஞ்சு மாசம் வரைக்கும் எங்க வீட்டுலதான் இருக்கும்.”

“இர்க்கட்டும்மா. யாரு வேணான்னா? ரெண்டு பாலவாக்கம் வெச்சிகினு நான் பேஜாராவணுமா?”

உள்ளே குழந்தைகளுக்கு இன்னும் பெயர் இல்லை. காலில் கட்டிய பட்டையில் தாயின் பெயர் எழுதி, ‘இன்னாரின் குழந்தை’ என்று இருக்கும். ஆயாம்மாவுக்கு அந்தக் கணக்கே ஆகாது. எட்டுத் தொட்டில்களுக்கும் அவரிடம் ஊர்ப்பெயர்தான். இரட்டைக் குழந்தைகள் இருந்தார்கள். அவர்கள் தேனாம்பேட்டைப் பெரிசு, தேனாம்பேட்டைச் சிறிசு. போட் கிளப் சாலையில் ஆற்றோரத்துப் பெரிய பங்களாவிலிருந்து வந்த ஒரு பிள்ளையை, “ஏ போட் கிளப்பு, ஒயுங்கா குடி, இங்க ஒனக்கு வேலைக்காரன் கெடியாது” என்று மிரட்டுவார். அந்தப் பிள்ளையின் தாத்தா கண்ணாடிக்கு வெளியே நின்று இதைக் கேட்டுச் சிரித்ததை நானே பார்த்தேன்.

முதல் நாள் நான் கை கழுவிக் குழாயை மூடினேன். ஆயாம்மா திரும்பத் திறந்துவிட்டார்.

“இன்னும் தேனாம்பேட்டையே தாண்டல. அதுக்குள்ள எறங்கிட்ட?”

கைகளை எப்படிக் கழுவ வேண்டும் என்று சுவரில் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். அதை யாரும் படிப்பதில்லை. ஆயாம்மாவிடம் வேறு முறை இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து உங்கள் வீட்டுக்குப் போகும் வழியைப் பஸ் நிறுத்தம் நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டே சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை. வீடு வந்த பிறகுதான் குழாயை மூடலாம். பிறகு இரு கைகளையும் மேலே தூக்கிப் பிடித்துக் காற்றில் காயவிட வேண்டும்.

“சொல்லு. லஸ்ஸு.”

“லஸ்.”

“ஆழ்வார்பேட்ட. தேனாம்பேட்ட. நந்தனம். சைதாப்பேட்ட. சின்னமல. கிண்டி. மெதுவா, மெதுவா, சிக்னல்ல நிக்க வேணாமா? ஈக்காட்டுத்தாங்கல். ஆங், இப்ப மூடு.”

மூன்றாம் நாள் நான் அதைக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஆயாம்மா சொல்லும் வேகத்தில் ஈக்காட்டுத்தாங்கலுக்கு நாற்பத்தெட்டு வினாடி. பாலவாக்கத்துக்கு நாற்பத்திரண்டு. மயிலாப்பூர்க்காரர்கள் தப்பித்துவிடக் கூடாதென்று அவர்களுக்குத் தனி விதி: கோயில் குளத்தைச் சுற்றி நாலு மாட வீதியையும் இரண்டு தடவை வர வேண்டும். திருவண்ணாமலையிலிருந்து வந்திருந்த ஒரு தகப்பனின் பாடுதான் பெரும்பாடு. முதலில் ஆயாம்மாவுக்கே அந்த வழி தெரியவில்லை.

“கோயம்பேடா, கிளாம்பாக்கமா?”

“இப்பல்லாம் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுதாங்க.”

“அப்ப கிளாம்பாக்கம் போறதுக்கே ஒரு சோப்பு காலி.”

செங்கல்பட்டு, மேல்மருவத்தூர், திண்டிவனம் என்று அந்த மனிதர் ஒரு நாளைக்கு நாலு முறை பயணம் செய்தார். மூன்றாம் நாள், “ஆயாம்மா, செஞ்சியிலயே எறக்கி விட்டுடுங்க, கை எரியுது” என்று கெஞ்சினார். வராந்தாவில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தோம். அந்த வராந்தாவில் சிரிப்பு வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. என் குழந்தை உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறது, இவர் பஸ் நடத்துநர் வேலை பார்க்கிறாரே என்று. ஆனால் நான்காம் நாள் பால் எடுத்துக் கொடுக்க உள்ளே போனபோது ஒன்று பார்த்தேன். ஆயாம்மா என் மகளுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தார். ஊசி குத்திய கை ஒரு சின்னப் பலகையோடு சேர்த்துக் கட்டியிருந்தது. அந்தக் கையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, அவள் காதருகே குனிந்து சொல்லிக்கொண்டிருந்தார். “லஸ்ஸு. ஆழ்வார்பேட்ட. தேனாம்பேட்ட. தோ, நந்தனம். சைதாப்பேட்ட வந்தா பாலம் வரும், பயப்படாத. சின்னமல. கிண்டி. அப்பால ஒங்க வூடுதான். எறங்கிக்கினு அப்டியே நேரா போயிடு.”

ஒவ்வொரு தொட்டிலிலும் அதையேதான் சொன்னார். துணி மாற்றும்போதும், பாலாடையால் பால் புகட்ட நர்ஸுக்குத் தலையைப் பிடித்துக் கொடுக்கும்போதும். “அவங்க அப்படித்தான் மேடம், விட்டுடுங்க” என்றாள் நர்ஸ்.

ஏன் என்று ஒரு மதியம் கேட்டேன். அவர் மாடிப்படியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார்.

“நான் பொறந்து வளந்தது இங்கதான். தோ, அந்த ஜன்னல்ல எட்டிப் பாரு, கால்வா தெரியும். அதும் ஓரமா வூடு. குடிசைங்கள எடுக்கறப்போ லாரில ஏத்துனாங்க. சின்னவனுக்கு ஜொரம் கொதிக்குது. மடில படுத்துகினு ‘எங்கமா போறோம், எங்கமா போறோம்’னு கேட்டுகினே வர்றான். எனக்கே தெரியாது. இன்னான்னு சொல்றது?”

“அப்புறம்?” என்றேன்.

“அப்புறம் இன்னா? இப்ப கண்ணகி நகர்ல கறி வெட்றான். குண்டா கீறான். எம் பேச்ச கேக்க மாட்டான்.” ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார். “சீக்காளி கொயந்தைக்கு எங்க போறோம்னு தெரியணும்மா. தெரிஞ்சா பயப்படாது.”

எனக்கு முன்னால் வந்து பாலவாக்கத்தை எடுத்துக்கொண்ட அந்த முதல் பாலவாக்கம் ஓர் ஆண் குழந்தை. அவன் தாய்க்கு இருபத்திரண்டு வயது. கடற்கரையோரக் குப்பத்தில் வீடு. புருஷன் படகில் போகிறவர். பையனுக்குப் பிறக்கும்போதே இதயத்தில் கோளாறு. கொஞ்சம் எடை ஏறினால் ஆபரேஷன் செய்யலாம் என்று காத்திருந்தார்கள். எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நான் அம்மா வீட்டுக்காரி என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து அவள் என்னைச் சீண்ட ஆரம்பித்துவிட்டாள்.

“அக்கா, நீங்க ரோட்டுக்கு அந்தாண்ட, மாடி வூட்டுப் பாலவாக்கம். நாங்க கடலாண்ட. எம் பாலவாக்கத்த ஒங்களுக்குத் தரமாட்டேன், ஆமா.”

“எனக்கு வேண்டாம்மா, நீயே வச்சுக்கோ. எனக்குத்தான் ஈக்காட்டுத்தாங்கல் குடுத்துட்டாங்களே.”

“அது எங்க கீது? கடல் தெரியுமா அங்க?”

“பட்டறைதான் தெரியும். லேத்து சத்தம் கேக்கும்.”

“ஐயே!”

ஆயாம்மா வாசலிலிருந்து அதட்டுவார். “இன்னாடி சண்ட? ரெண்டு பேருக்கும் ஒரே பஸ் ஸ்டாப்புதான்.”

அவள் கை கழுவுவதைப் பார்க்க நன்றாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு, உதட்டை அசைத்து, ஏதோ நேர்த்திக்கடன் போல ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லுவாள். மந்தைவெளி, அடையாறு பாலம், அடையாறு, திருவான்மியூர், கொட்டிவாக்கம், பாலவாக்கம். “பாரு, பாலவாக்கத்தப் பாத்துக் கத்துக்கோ” என்பார் ஆயாம்மா எங்களிடம்.

பதினொன்றாம் நாள். மழை பெய்துகொண்டிருந்ததாகத்தான் என் நினைவு. ஆனால் குறிப்பேட்டில் ‘நல்ல வெயில்’ என்றிருக்கிறது. குறிப்பேட்டைத்தான் நான் நம்புகிறேன்.

பகல் பன்னிரண்டுக்குப் பால் எடுத்துக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். பக்கத்து நாற்காலி காலி. அவள் புருஷன் வந்திருந்தார். மேலே ஒருவருக்குத்தான் அனுமதி என்பதால் அவரைப் பார்க்கக் கீழே போயிருந்தாள்.

“பாலவாக்கம்! பாலவாக்கம் எங்க? ஓடியா!”

ஆயாம்மாவின் குரல். அதற்கு முன் அவர் குரலை அப்படிக் கேட்டதில்லை. நான் எழுந்து ஓடினேன். பிறந்ததிலிருந்து கல்யாணம் வரை, எந்தப் பஸ்ஸில் தூங்கினாலும் நடத்துநர் அந்தப் பெயரைச் சொன்னால் எழுந்து இறங்கிய உடம்பு. பத்து நாளாக நான் ஈக்காட்டுத்தாங்கல் என்பது தூக்கத்தில் அதற்கு நினைவில்லை. கையைக் கழுவாமல் வாஷ்பேசினைத் தாண்டினேன். என்னை யாரும் தடுக்கவில்லை. ஆயாம்மா குரல் கொடுத்துவிட்டு உள்ளே திரும்பியிருந்தார். கை கழுவச் சொல்ல ஆளில்லை என்றதுமே எல்லாம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

இடது பக்கம் ஒரு தொட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை இழுத்திருந்தது. உள்ளே டாக்டரும் இரண்டு நர்ஸுகளும். என் மகளின் தொட்டில் வலது பக்கம் மூன்றாவது. பத்து நாளாகக் கண்ணை மூடிக்கொண்டு போய் நின்ற இடம். ஆனாலும் என் கால்கள் திரையை நோக்கிப் போயின. டாக்டர் நிமிர்ந்து பார்த்து, “நீங்க...” என்று ஆரம்பித்தார்.

ஈரமான இரண்டு கைகள் பின்னாலிருந்து என் தோள்களைப் பிடித்துத் திருப்பின.

“நீ ஈக்காட்டுத்தாங்கல். ஒன்னுது அதோ, அங்க. நல்லாக் கீது பாரு.”

மகள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்பாடா” என்றேன். மனதுக்குள் இல்லை, வாய்விட்டு. அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்டிருக்கும்.

அப்போதுதான் வாசலில் அந்தப் பெண் வந்து நின்றாள். மாடிப்படி ஏறி ஓடி வந்த மூச்சு. வந்தவள் நேரே உள்ளே வரவில்லை. குழாயைத் திறந்து, முழங்கை வரை சோப்புப் போட்டு, கண்ணை மூடி உதட்டை அசைக்க ஆரம்பித்தாள். ஆயாம்மா வெளியே போய் அவள் கையைப் பிடித்தார்.

“இன்னிக்கி வேணாம். வா.”

அவள் சோப்பு நுரையோடு அவரையே பார்த்தாள். டாக்டர் சொல்ல வேண்டியதெல்லாம் அந்த ஒரு பேச்சில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

நான் வராந்தாவின் கோடியில் சுவரைப் பார்த்து நின்று அழுதேன். எதற்காக அழுதேன் என்று இன்றைக்கும் எழுத வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஆயாம்மா வந்தார்.

“‘அப்பாடா’ன்னியே. காதுல வுயுந்துச்சு.”

சுவர்ப் பக்கமே திரும்பி நின்றேன்.

“தப்பு இல்ல. எந்தத் தாயா இருந்தாலும் அதான் சொல்லுவா. ஆனா இங்க தனியா நின்னுகினு அழுவாத. போயி அவ பக்கத்துல குந்து.”

“நான் என்ன சொல்றது அவகிட்ட?”

“ஒண்ணும் சொல்லாத. குந்து.”

போய் உட்கார்ந்தேன். அவள் கையில் சோப்பு காய்ந்து வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது. என் புடவைத் தலைப்பை நனைத்துத் துடைத்துவிட்டேன். அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

“அக்கா, ஒங்களுது பால் குடிச்சுதா?”

“குடிச்சுது.”

தலையாட்டினாள்.

அன்றைய பக்கத்தில் ‘நல்ல வெயில்’ தவிர என் கையெழுத்தில் இருப்பது இவ்வளவுதான்: ‘பகல் 12: நாற்பது மில்லி. முழுதும் குடித்தாள்.’ அதற்குக் கீழே பக்கம் காலியாக இருக்கிறது. எல்லாவற்றையும் எழுதுகிற நான் அதை மட்டும் எழுதவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

சாயங்காலம் காகித வேலைகள் முடிந்தபின், வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தையை ஆயாம்மாதான் வெளியே எடுத்து வந்தார். வேறு யாரும் தொட அவர் விடவில்லை. லிஃப்டுக்குப் பக்கத்தில் தகப்பன் கைகளை நீட்டிக்கொண்டு நின்றார். ஆயாம்மா உடனே கொடுக்கவில்லை. துணிக்கு மேலே குனிந்து, மற்ற நாள் போலவே, அவசரமில்லாமல் சொன்னார்.

“மந்தவெளி. தோ, பாலம் வருது, காத்து அடிக்கும். அடையாறு. திருவான்மியூர். கொட்டிவாக்கம். பாலவாக்கம். ஒன் எடம் வந்துருச்சு. எறங்கிக்கோ ராஜா.”

சொல்லி முடித்துவிட்டுத் தகப்பன் கையில் கொடுத்தார்.

மறுநாள் தலைமை நர்ஸ் ஆயாம்மாவைக் கூப்பிட்டுத் திட்டினார். இனிமேல் காலில் இருக்கும் பட்டையைப் பார்த்துத் தாயின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஊர்ப்பெயர் கூடவே கூடாது. ஆயாம்மா அன்று முழுதும் பட்டையை எழுத்துக்கூட்டிப் படித்து வாசலில் வந்து கூப்பிட்டார். என் பெயரைச் சரியாகத்தான் சொன்னார். யாரோ மூன்றாம் மனுஷியைக் கூப்பிடுவதுபோல இருந்தது. நான் தலைமை நர்ஸிடம் போய், “அவங்க எனக்கு வேற இடம் குடுத்திருந்தாங்க. மறந்து ஓடினது நான்தான்” என்றேன். “தெரியும் மேடம். ஆனா நாளைக்கு வேற யாராவது ஓடினா?” என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

இரண்டு நாள் பெயர்கள் இருந்தன. மூன்றாம் நாள் தேனாம்பேட்டைச் சிறிசு பால் கக்கியது. “பட்டையப் பாக்கறதுக்குள்ள தேனாம்பேட்டச் சிறிசு கக்கிடுச்சு சிஸ்டர்” என்று ஆரம்பித்து, மறுபடி எல்லாரும் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். கொஞ்ச நாளில் தலைமை நர்ஸே, “போட் கிளப் எடை எவ்வளவு?” என்று கேட்டதை நான் என் காதால் கேட்டேன்.

பதினாறாம் நாள் ஒரு குழந்தை வந்தது. மஞ்சள் காமாலை. எங்கேயிருந்து என்று ஆயாம்மா கேட்டார். தகப்பன், “பாலவாக்கம்” என்றார்.

அப்போது பாலவாக்கம் என்று யாரும் அங்கே இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“வேற எடம் சொல்லு” என்றார் ஆயாம்மா.

“வேற எடமா? சொந்த ஊரு கடலூருங்க.”

“அப்ப நீ கடலூரு. கைய கய்வு.”

இருபத்தொன்றாம் நாள் காலை கடைசி ஊசி. மகளின் எடை கூடியிருந்தது, காய்ச்சல் விட்டுப் பத்து நாளாகியிருந்தது. டாக்டர் சிரித்தபடி, “கூட்டிட்டுப் போங்க” என்றார். ஆயாம்மா அவளைப் புதுத் துணியில் சுற்றி, குல்லாய் போட்டு, என் கையில் தராமல் தன் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரை வந்தார். வழக்கம்போல ஆரம்பித்தார். லஸ், ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை. கிண்டி வந்ததும் நிறுத்தி, “இப்ப நெஜமாவே போற. தூங்கிடாத. கிண்டி தாண்டுனா ஒன் வூடு” என்றார்.

நாங்கள் போகவிருந்தது பாலவாக்கத்துக்கு. அம்மா ஆரத்தி கரைத்து வைத்துவிட்டு வந்திருந்தார். அதை ஆயாம்மாவிடம் நான் சொல்லவில்லை.

கீழே ஆட்டோ நின்றது. மருந்துச் சீட்டு வாங்கிக்கொண்டு என் கணவர் பின்னால் பைக்கில் வருவதாக ஏற்பாடு. ஓட்டுநர் போனைப் பார்த்து, “பாலவாக்கம்தானம்மா?” என்றார்.

“ஆமா” என்றார் அம்மா.

“இல்லண்ணா. ஈக்காட்டுத்தாங்கல்” என்றேன் நான்.

“என்னடி இது? ஆரத்தி கரைச்சு வச்சிருக்கேன். தொட்டில் கட்டியிருக்கு. அஞ்சு மாசம் ஆகாம எப்படி அங்க போறது?”

“அம்மா, இருபத்தொரு நாளா அவகிட்ட இந்த ஒரு வழியைத்தான் சொல்லியிருக்காங்க.”

“குழந்தைக்கு என்னடி தெரியும்?”

“எனக்குத் தெரியும்மா.”

அம்மா குழந்தையின் குல்லாயை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, என்னைப் பார்க்காமல், சின்னக் குரலில் கேட்டார். “காய்ச்சல் எங்க வீட்டுல வந்துச்சுன்னு நினைக்கிறியா?”

இருபத்தொரு நாளும் அம்மா இந்தக் கேள்வியோடுதான் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறார். எனக்கு அது தெரியவில்லை. மில்லி கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

“இல்லம்மா. சத்தியமா இல்ல.”

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “ஈக்காட்டுத்தாங்கலே போப்பா” என்றார் ஓட்டுநரிடம். “நானும் அங்கயே வந்து இருந்துக்கறேன். மாத்துப் புடவைகூட இல்ல. மாப்பிள்ளை என்ன நினைப்பாரோ.”

ஆட்டோ கிளம்பியதும் மகளின் காதில் ஆரம்பித்தேன். லஸ். ஆழ்வார்பேட்டை. தேனாம்பேட்டை சிக்னலில் நீண்ட நேரம் நின்றோம். அங்கிருந்து சைதாப்பேட்டை என்றேன்.

“நந்தனத்தை விட்டுட்ட” என்றார் அம்மா.

இரண்டு மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது வாசலில் வேறு ஒரு பெண் இருந்தாள். ஆயாம்மா வேலையை விட்டு நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். அவர் பெயர் என்ன என்று நர்ஸிடம் கேட்டேன். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, “ஆயாம்மான்னுதான் கூப்பிடுவோம் மேடம்” என்றாள். வாஷ்பேசினுக்கு மேலே அந்தப் படம் அப்படியே இருந்தது. நான் நாற்பத்தெட்டு வினாடி கழுவிவிட்டு உள்ளே போனேன்.

மகளுக்கு இப்போது இரண்டு வயது ஆகப்போகிறது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, அவளைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தேன். கடலுக்குப் போகும் தெருவின் முனையில் குடையின் கீழ் மீன் கூடையோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள்தான் முதலில் என்னைப் பார்த்தாள்.

“அக்கா!”

அருகே போனேன். அவள் பார்வை என்னிடம் நிற்கவில்லை.

“இது ஈக்காட்டுத்தாங்கலா?”

“ஆமா.”

“இம்மாம் பெர்சா ஆயிட்ச்சா!”

கையை நீட்டினாள். பாதியில் நிறுத்திப் பார்த்தாள். கையெல்லாம் செதில். பக்கத்தில் இருந்த தண்ணீர்க் கேனை இழுத்து, பையிலிருந்து ஒரு சோப்புத் துண்டை எடுத்தாள். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை தேய்க்க ஆரம்பித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது.

ஸ்கூட்டரில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்று, “ஏம்மா, வஞ்சிரம் என்ன விலை?” என்றார். அவள் திரும்பவில்லை. அவர் மறுபடி கேட்டார்.

“இரு சார். இப்பத்தான் திருவான்மியூரு.”

அவர் என்னைப் பார்த்தார். கொட்டிவாக்கம் வந்தது. பாலவாக்கம் வந்தது. ஒரு குவளைத் தண்ணீரை முழங்கையிலிருந்து வழியவிட்டு, இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் கடற்காற்றில் காயவிட்டாள்.

பிறகு என் மகளின் கன்னத்தைத் தொட்டாள்.